மெஹர்பானின் பூட்ஸுக்கு நான் அடித்த ஆணி

எங்கள் பழைய மில்லின் ஸ்போர்ட்ஸ் கிளப் மலருக்கு எழுதித் தரச் சொல்லி இரண்டு பேர் போன மாதம் செம்பூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். நாலு பக்கம் போதுமாம். ஃபோட்டோ இருந்தால் இன்னும் நல்லதாம். ஒருவர் நோட்டைத் திறந்து, "அங்கிள், நீங்க மிட்ஃபீல்டர்தானே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் ஆடின காலத்தில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. முன்னால் ஐந்து பேர் ஃபார்வர்டு, பின்னால் இரண்டு பேர் பேக், கடைசியில் கோலி. நடுவில் மூன்று பேர் ஹாஃப். அந்த மூன்று பேரில் நான் இடது பக்கம், லெஃப்ட் ஹாஃப். நட்டநடுவில் நின்றவர் ஸென்டர் ஹாஃப் மெஹர்பான். எங்கள் கேப்டன், இரானிக்காரர்.

மலர்களில் எழுதுகிறவர்கள் தாங்கள் போட்ட கோல்களைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். நான் ஒன்பது சீசன் ஆடி மூன்று கோல் போட்டவன். அதில் ஒன்று எங்கள் வலைக்குள்ளேயே. ஆகையால் கோல் கதை என்னிடம் இல்லை. மெஹர்பானைப் பற்றி எழுதுகிறேன். அவரைப் பற்றி எழுதினால் நான் செய்த ஒரு காரியத்தையும் எழுதியாக வேண்டும். கிளப் செயலாளருக்குப் பிடிக்கவில்லை என்றால் மலரில் போடவேண்டாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் கதை சுருக்கம். அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியில் தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். அந்த இடத்தை நாங்கள் தோல் ஷாப்பு என்போம். நானும் மீசை முளைக்குமுன்பே அங்கே சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினேன். சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று நின்று உள்ளங்கால் மரத்துப்போயிற்று. நான் கண்ணாடிச் சில்லை மிதித்தால் சில்லுக்குத்தான் சேதம் என்று அம்மா கேலி செய்வாள். வேலை முடிந்தால் கழிமுகத்தை ஒட்டிய திடலில் ஃபுட்பால். பூட்ஸ் எவனிடமும் இல்லை. கணுக்காலில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஆடுவோம். பந்து கிழிந்தால் நானே தைப்பேன்.

எனக்கு இருபத்திரண்டு வயதாகும்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு துணி மில்லின் டீம் என்னைக் கூப்பிட்டது. ஃபுட்பாலுக்கென்று தனிச் சம்பளம் எல்லாம் அந்தக் காலத்தில் கிடையாது. மில்லில் ஏதாவது வேலை கொடுப்பார்கள், அதற்குப் பதில் டீமில் ஆடவேண்டும். எனக்குச் சாயப் பிரிவில் பத்லி வேலை. பத்லி என்றால் மாற்றாள். நிரந்தரத் தொழிலாளி ஒருவன் வராத நாளில்தான் பத்லிக்கு வேலை; தினமும் காலையில் கேட்டில் போய் நிற்கவேண்டும். ஆட்டக்காரன் என்பதால் சீசன் முழுக்க எனக்கு வேலை நிச்சயம். கால் உடைந்தால் மறுபடி கேட்டுக்கு வெளியே. ஆகவே எங்கள் எல்லாருக்கும் ஒரே கனவுதான்: பர்மனென்ட்.

அதைத் தருகிற கை விஸ்வநாதன் சாருடையது. பாலக்காட்டுக்காரர், மாட்டுங்காவாசி, மில்லின் ஹெட் கிளார்க், ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி. எந்த மேட்ச்சையும் விடாமல் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் யார் பயிற்சிக்கு வந்தான், யார் வரவில்லை என்பது மட்டும் அவர் மனத்தில் கல்வெட்டு.

மெஹர்பான் யஸ்த் நகரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பார்ஸிகளைப் போல நெருப்பை வணங்குகிற மதம். ஊரில் பிழைப்பில்லாமல் முதலில் அந்த நாட்டிலேயே வெள்ளைக்காரர்களின் எண்ணெய்க் கம்பெனி இருந்த ஊருக்குப் போய்க் குழாய் சுமந்திருக்கிறார். துரைமார் ஆடுவதைப் பார்த்துத்தான் ஃபுட்பால் கற்றது. அவர்களுக்கு ஆள் குறைந்தால் இவரைச் சேர்த்துக்கொள்வார்களாம். அங்கிருந்து கப்பலேறி பம்பாய்க்கு வந்து, மாட்டுங்காவில் மாமா நடத்திய இரானி ஹோட்டலில் மேஜை துடைத்திருக்கிறார். மைதானத்தில் அவர் ஆடுவதைப் பார்த்த யாரோ விஸ்வநாதன் சாரிடம் சொல்ல, மில்லின் டைம் ஆபீஸில் ஒரு நாற்காலி கிடைத்தது. அவருடைய வேலையும் எங்களுடையதைப் போலத்தான். ஆடுகிறவரை வேலை.

அவருடைய தமிழ் ஒரு தனி ரகம். ஹோட்டலுக்கு வந்த மாட்டுங்கா ஆபீஸ்காரர்களிடம் பாதியும், டீமில் தாராவி ஆட்களான எங்களிடம் பாதியும் கற்றது. "வாங்கோ முத்து, ஏம்லே லேட்டு?" என்று ஒரே மூச்சில் கேட்பார். ஒருமுறை விஸ்வநாதன் சாரையே "என்னலே, சௌக்கியமா இருக்கேளா?" என்று விசாரித்துவிட்டார். சார் குடையை மடக்கிக்கொண்டு போனவர் மூன்று நாள் மைதானத்துப் பக்கம் வரவில்லை. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆட்டத்தில் அவர் அதிகம் ஓடமாட்டார். பார்க்கிறவர்கள் சோம்பேறி என்று நினைப்பார்கள். ஆனால் பந்து வந்து விழுகிற இடத்தில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். காலடியில் அமுக்கி ஒரு கணம் நிறுத்துவார். எல்லாரும் இந்தப் பக்கம் பாயும்போது பந்து அந்தப் பக்கம் போயிருக்கும். "பந்தைப் பாக்காதே முத்து. அடிக்கப் போறவன் இடுப்பைப் பாரு. கால் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது," என்பார். இந்த ஒரு பாடத்தில்தான் நான் ஒன்பது சீசன் ஓட்டினேன்.

எங்கள் பதினோரு பேரில் பூட்ஸ் போட்டவர்கள் இரண்டே பேர், கோலியும் மெஹர்பானும். அவருடைய பாதம் குழந்தைப் பாதம்போல் மிருது. வெறுங்காலோடு பத்து அடி நடந்தால் நொண்டுவார். பம்பாயில் ஃபுட்பால் மழைக்கால ஆட்டம் என்பதால் பூட்ஸின் அடியில் வழுக்காமலிருக்க ஸ்டட் வேண்டும். ஸ்டட் என்றால் இந்தக் காலத்தைப் போலத் திருகி மாட்டுகிற பிளாஸ்டிக் இல்லை. தோல். செருப்புத் தைக்கிற மோச்சியிடம் கொடுத்தால் இரண்டு மேட்ச்சில் பிய்ந்துவிடுகிறது என்று அவர் புலம்ப, நான் தோல் ஷாப்புக்காரன் என்று தெரிந்த அன்றே அந்த வேலை என் தலையில் விழுந்தது.

நாலு வட்டம் தோல் வெட்டவேண்டும், ஒன்றைவிட ஒன்று சின்னதாக. அடுக்கி, சுத்தியால் தட்டித் தட்டிக் கல்லாக்கவேண்டும். இரும்புக் காலின்மேல் பூட்ஸைக் கவிழ்த்துவைத்து, ஒரு ஸ்டட்டுக்கு மூன்று ஆணி. முன்பக்கம் நாலு ஸ்டட், குதிகாலில் இரண்டு. ஆணித் தலை அரை நூல் அளவாவது தோலுக்குள் அமிழ்ந்திருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், தோல் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். ஈரத்தோல் ஊதியிருக்கும். ஆணி சுலபமாக இறங்கும், பார்வைக்கும் அருமையாக இருக்கும். ஆனால் மிதிபட மிதிபட அமுங்கும். தோல் அமுங்கினால் ஆணித் தலை வெளியே நிற்கும். தோல் ஷாப்பில் வேலை செய்த எவனையும் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். காய்ந்ததா இல்லையா என்று நாங்கள் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். ஈரம் இருந்தால் ஜில்லென்று இருக்கும்.

நான் முடித்துக் கொடுத்ததும் மெஹர்பான் சட்டைக் கையை மடித்துவிட்டு, பூட்ஸின் அடியை முன்கையின் உட்புறத்தில், அந்த வெளுத்த தோலில், மெதுவாக இழுத்துப் பார்ப்பார். கோடு விழுந்தால் பேசாமல் என்னிடமே நீட்டிவிடுவார். திட்டமாட்டார். திட்டித் தொலைத்தால்கூடத் தேவலை என்று இருக்கும். "எல்லாரும் வெறுங்காலோட ஆடறா. நம்ம பூட்ஸ் அவா காலுக்குப் பக்கத்திலே போறது. பாத்துச் செய்யணும்லே," என்பார். அவருக்கு இன்னொரு விதியும் உண்டு: வெறுங்கால் ஆட்டக்காரனுக்கு எதிரே பாதத்தைத் தூக்கி அடிப்பகுதி தெரியக் காலை நீட்டவே மாட்டார். கோல் விழுந்தாலும் சரிதான்.

ஆட்டம் தொடங்குமுன் ரெஃபரி வந்து பூட்ஸ் போட்டவர்களின் காலை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொல்லி உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். ஆணி தட்டுப்பட்டால் அந்த ஆள் வெளியே. மூன்று சீசனில் என் வேலையில் ஒரு ரெஃபரியும் குறை சொன்னதில்லை. எனக்கு அதில் தலைக்கனமே உண்டு.

நாலாவது சீசனில் கேடயப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே ஒரு ரயில்வே ஒர்க்‌ஷாப் டீம், கோலி தவிரப் பத்துப் பேரும் வெறுங்கால். அதில் வலது பக்கம் உள்ளே ஆடுகிற ஃபார்வர்டு தானியேல் என்பவர். கல்யாணில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார், சொந்த ஊர் நாசரேத்துப் பக்கம். அவரைப் பிடிக்கவேண்டிய ஆள், லெஃப்ட் ஹாஃபான நான். சனிக்கிழமை ஆட்டம்.

வியாழக்கிழமைப் பயிற்சியில் மெஹர்பானின் வலது பூட்ஸில் முன்பக்க ஸ்டட் இரண்டு பிய்ந்தன. சரி, நாளைக்குப் போட்டுவிடலாம் என்று வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே விஸ்வநாதன் சார் கூப்பிட்டனுப்பினார்.

"இதோ பாரு சுடலைமுத்து, கேடயம் வந்துடுத்துன்னா திங்கட்கிழமை ஒனக்குப் பர்மனென்ட் ஆர்டர். மேனேஜர் கையெழுத்துப் போட்டாச்சு. என் டிராயர்லதான் இருக்கு. ஒருத்தர்ட்டயும் சொல்லிண்டு திரியாதே."

ஒருத்தரிடமும் சொல்லாமல் இருப்பதா! அன்றும் மறுநாளும் தாராவியில் நான் சொல்லாத ஆள் இல்லை. மாமனார் ஆகப்போகிறவர் வீட்டில் சொன்னேன். பழைய தோல் ஷாப்பில் போய்ச் சொன்னேன். வெள்ளிக்கிழமை முழுக்க இந்தக் குஷியிலேயே போய்விட்டது.

சனிக்கிழமை காலையில்தான் ஸ்டட் ஞாபகம் வந்தது. யுத்த காலம், காய்ந்த அடித்தோல் எல்லாம் பட்டாளத்து பூட்ஸுக்குப் போய்விடும். தோல் ஷாப்பில் தெரிந்தவரிடம் கெஞ்சி ஒரு துண்டு வாங்கினேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்றது. இன்னும் இரண்டு நாளாவது காயவேண்டிய தோல். ஸ்டவ்வின் மேலே கொஞ்ச நேரம் காட்டினேன், மேல்புறம் மட்டும் முறுகியது. ஒரு மேட்ச்தானே, தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆணியை அடித்தேன்.

மைதானத்தில் மெஹர்பான் வழக்கம்போல் கையில் இழுத்துப் பார்த்தார். கோடு விழவில்லை. "ஷாபாஷ்," என்றார். ரெஃபரியும் தடவிப் பார்த்து, சரி என்று போய்விட்டார்.

அன்றைக்குத் தானியேல் என்னைப் படுத்திய பாடு சொல்லி முடியாது. இடுப்பைப் பார்த்தேன், அந்த மனிதரின் இடுப்பும் பொய் சொல்லிற்று. முதல் பாதியில் நாலு தடவை என்னைத் தாண்டினார். நாலாவது தடவை கோல். எங்களுக்கும் எப்படியோ ஒன்று விழுந்தது. ஒவ்வொரு தடவையும் மெஹர்பான் தன் இடத்தை விட்டு என் பக்கம் ஓடிவந்து அடைக்கவேண்டியிருந்தது. ஓடாத மனிதர் அன்றைக்குச் சேற்றில் ஓடு ஓடு என்று ஓடினார்.

இடைவேளையில் எல்லாரும் எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தோம். மெஹர்பான் வலது காலைத் தூக்கி மடிமேல் வைத்து, சேற்றை வழித்துப்போட்டுவிட்டு, உள்ளங்கையால் ஒருமுறை அடியைத் தடவினார். நான் பார்த்தேன். அவர் காலை இறக்கிவிட்டு எலுமிச்சைத் துண்டை எடுத்துக்கொண்டார். நான் வேறு பக்கம் திரும்பி என் கணுக்கால் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தானியேல் ஐந்தாவது முறையாக என்னைத் தாண்டினார். எதிரே கோலி மட்டும்தான். மெஹர்பான் பக்கவாட்டில் வந்து, சேற்றில் சறுக்கி, காலை நீட்டினார். அதுவரை ஒருநாளும் நீட்டாத கால். பந்து போய்விட்டது. பூட்ஸின் அடி தானியேலின் குதிகாலுக்குமேல் இழுத்துக்கொண்டு இறங்கிற்று. தானியேல் எழுந்து நிற்கப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்தார். சேற்றுத் தண்ணீர் சிவந்தது. ரெஃபரி ஓடிவந்து மெஹர்பானின் காலைத் தூக்கித் தடவினார். பிறகு தன் உள்ளங்கையை எல்லாருக்கும் காட்டினார். அதில் கீறல்.

மெஹர்பானை வெளியே அனுப்பிவிட்டார்கள். பத்துப் பேரோடு ஆடிய நாங்கள் கடைசியில் ஒரு கார்னரில் ஜெயித்தோம். கேடயத்தோடு எடுத்த ஃபோட்டோவில் கேப்டன் இல்லை. மலருக்குக் கேட்டார்களே, அந்த ஃபோட்டோதான் என்னிடம் இருக்கிறது. தரமாட்டேன்.

திங்கட்கிழமை ஆர்டர் வரவில்லை. "விசாரணை முடியட்டும்டா," என்றார் விஸ்வநாதன் சார். புதன்கிழமை போட்டி நடத்துகிறவர்களின் கமிட்டி கூடியது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். எங்கள் பக்கம் மெஹர்பான், விஸ்வநாதன் சார், சாட்சிகளாகக் கோலியும் நானும்.

அவர்களுடைய கணக்கு எளிமையானது. ஆட்டத்துக்கு முன் ரெஃபரி தடவியபோது ஆணி இல்லை. பிறகு இருந்தது. ஆகவே நடுவில் வேண்டுமென்றே யாரோ வெளியே எடுத்திருக்கவேண்டும். மெஹர்பானைக் கேட்டார்கள். "என் பூட்ஸ். நான்தான் ஜிம்மேதார்," என்றார். பொறுப்பு என்னுடையது என்று அர்த்தம். வேண்டுமென்று செய்தாயா என்றார்கள். இல்லை என்றார். அவ்வளவுதான்.

பிறகு நடுவில் இருந்தவர் என்னைப் பார்த்து ஹிந்தியில் கேட்டார்: "நீ தோல் வேலை தெரிந்தவனாமே. அடித்த ஆணி தானாக வெளியே வருமா?"

இதைவிட நேராக ஒரு கேள்வியை என் வாழ்க்கையில் யாரும் என்னைக் கேட்டதில்லை. வரும் சாப், தோல் ஈரமாக இருந்தால் வரும், அடித்தது நான்தான் என்று சொல்லவேண்டும். சொன்னால் வேண்டுமென்றே செய்தார் என்ற பழி அவர்மேல் நிற்காது. என் கண்ணில் விஸ்வநாதன் சாரின் டிராயர்தான் தெரிந்தது. ஆர்டர் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று.

"தெரியாது சாப்," என்றேன்.

மெஹர்பான் என் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு சீசன் தடை விதித்தார்கள். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. ஸென்டர் ஹாஃபுக்கு இரண்டு சீசன் என்றால் மிச்சமெல்லாம் சேர்த்துத்தான். ஆடாதவருக்கு டைம் ஆபீஸில் என்ன வேலை என்று மில்லும் ஒரு வாரத்தில் சீட்டைக் கிழித்தது. திரும்ப மாமாவின் ஹோட்டலுக்கே போனார். எனக்கு ஆர்டர் வந்தது. கொடுக்கும்போது விஸ்வநாதன் சார் என் முகத்தைப் பார்க்காமல், "நீ வாயைத் திறக்காதது நல்லதாப் போச்சு. ஒரே நாள்ல ரெண்டு பேரை விட்டுட்டு நான் எங்கே போவேன்?" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. சீ, என்ன பிழைப்பு என்று இருந்தது. ஆனாலும் ஆர்டரை வாங்கி இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

தானியேலுக்குக் குதிகால் நரம்பு அறுந்துவிட்டதென்றும் இனி ஓடமுடியாதென்றும் செய்தி வந்தது. ஐயோ பாவம் என்றேன். அத்தோடு சரி.

ஸென்டர் ஹாஃப் இடம் எனக்கே வந்தது. இரண்டு சீசன் ஆடினேன். கல்யாணமும் ஆயிற்று. மாட்டுங்காவில் வேலை இருந்தாலும் தாதரில் இறங்கிச் சுற்றிக்கொண்டு நடந்துபோவேன். அந்த ஹோட்டல் இருந்த முனையைத் தாண்ட எனக்குத் தைரியம் இல்லை. மூன்றாவது சீசன் நெருங்கும்போது விஸ்வநாதன் சாரே, "மெஹர்பானுக்குத் தடை முடிஞ்சுடுத்தே, வருவாரான்னு நீ போய்க் கேளேன்," என்று என்னையே அனுப்பினார்.

பகல் மூன்று மணி, கூட்டம் இல்லாத நேரம். மெஹர்பான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் பருத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"அரே, வாங்கோ முத்து! ரெண்டு வருஷமா எங்கே போனேலே?"

டீமுக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். "முட்டி மாடிப்படி ஏறினாலே கத்தறது. எனக்கு ஆச்சு," என்று சிரித்தார். டீ வந்தது. நான் குடிக்கவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு போனதை அப்படியே கொட்டினேன். தோல் ஈரம் என்று எனக்குத் தெரியும், தெரிந்தே அடித்தேன், கமிட்டியில் தெரியாது என்று பொய் சொன்னேன், உங்கள் பிழைப்பைக் கெடுத்தவன் நான் என்று.

நான் முடித்ததும் அவர் கல்லாவைச் சாத்தினார்.

"ஈரம்னு எனக்கும் தெரியும். இடைவேளையிலே கை வெச்சுப் பாத்தேன். ரெண்டு ஆணித் தலை நின்னுது. பூட்ஸைக் கழட்டிருக்கணும். கழட்டினா தானியேலை என்னாலே பிடிக்க முடியாது. நீ பிடிக்கவே மாட்டேங்கறே. கேடயம் போயிடும், உன் ஆர்டரும் போயிடும், என் நாற்காலியும் போயிடும். அதான் போட்டுண்டே போனேன். தெரிஞ்சுதான் முத்து. கமிட்டி தப்பா ஒண்ணும் சொல்லலே."

இரண்டு வருஷமாக நான் சுமந்தது பாதி இறங்கினதுபோல், வெட்கங்கெட்டு, ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மன்னித்துவிடுங்கள் கேப்டன் என்று கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"என்கிட்டே ஏன்லே சொல்றே? என் கால் நன்னாத்தானே இருக்கு?"

எனக்கு உறைக்கச் சற்று நேரம் ஆயிற்று.

"நான் ஆஸ்பத்திரியிலேயே போய் அவன்கிட்டே சொல்லிட்டேன், தெரிஞ்சு ஆடினேன்னு. மூஞ்சியிலே துப்பினான். அடுத்த வாரமும் போனேன். துப்பலே. உன் பேரை நான் சொல்லலே. அது நீ சொல்லவேண்டியது."

இரண்டு வருஷத்தில் தானியேலின் முகத்தை நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை. அதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண் போனேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். தானியேல் கோயிலுக்குப் போய்விட்டு வந்து வெள்ளைச் சட்டையோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பின் குதிகால் மற்றதைவிட உயரம். ஒர்க்‌ஷாப்பில் இப்போது சாமான் எடுத்துக் கொடுக்கிற உட்கார்ந்த வேலையாம்.

"மில்லு டீம் லெஃப்ட் ஹாஃபுல்லா?" என்றார். "என்னவே இம்புட்டுத் தூரம்? இரியும்."

உட்காராமலே சொன்னேன். மெஹர்பானிடம் சொன்னதைவிடச் சுருக்கமாகத்தான் வந்தது. அந்த ஆணியை அடித்தது நான், ஈரத்தோல் என்று தெரிந்தே அடித்தேன், கேட்டபோது தெரியாது என்றேன்.

அவர் துப்பவில்லை. திட்டவுமில்லை. காலைப் பெஞ்சுமேல் தூக்கி வைத்துக்கொண்டு தண்டவாளத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கூட்ஸ் வண்டி முழுக்கப் போய் முடிந்தது.

"அதுக்கப்புறம் நீரு ஆடினீரா?"

"ரெண்டு சீசன்."

"சொல்லும்."

"எதை அண்ணாச்சி?"

"அந்த ரெண்டு சீசனையும் சொல்லும். ஒவ்வொரு மேட்ச்சா. ஒண்ணு விடப்புடாது."

பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுநடுவே, மழை எப்படி, மண்ணு எப்படி, வலது பக்கம் யார் நின்றான் என்று கேட்பார். நான் பதில் சொல்வேன். அவருடைய கால், நல்ல கால், பெஞ்சுக்குக் கீழே அசைந்துகொண்டே இருந்தது. நான் அதைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டேன். மத்தியானம் தாண்டிற்று. இரண்டாவது சீசனையும் சொல்லி முடித்துவிட்டேன்.

"ஒண்ணு விட்டுட்டீரு," என்றார். "எங்க டீமோட ஆடினது."

வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். அதையும் சொன்னேன். அவருடைய இடத்தில் அவர்கள் ஒரு புது ஆளைப் போட்டிருந்தார்கள். நல்ல வேகம், ஆனால் இடுப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆட்டம் முழுக்க ஒரு தடவைகூட அவன் என்னைத் தாண்டவில்லை.

தானியேல் கண்ணைத் திறந்தார்.

"நான் தாண்டியிருப்பேன் வே."

"ஆமா," என்றேன். "தாண்டியிருப்பீரு."